"நாளைக்கு வரண்டாம்" என்று கத்துகிற முதலாளியிடம் வேலை பார்ப்பது எப்படி?

மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் பதினொரு வருடம் சேலைப் பிரிவில் நின்றவள் நான். வாரத்துக்கு இரண்டு தடவையாவது முதலாளி யாரையாவது பார்த்து, "நாளைக்கு வரண்டாம்" என்று கத்துவார். முதல் தடவை எனக்குச் சொன்னபோது ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள் வீட்டிலேயே இருந்துவிட்டேன். பத்து மணிக்கு அவரே போன் பண்ணி, "எங்க நிக்க?" என்கிறார்!

சரி, முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, யாரிடம் சொன்னார், என்ன சொன்னார், அப்புறம் என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஒரு ஓணம் சீசனில் நான் எழுதியது பதினேழு மிரட்டல். வேலை போனது ஒருவருக்கும் இல்லை. பாதி பயம் அங்கேயே இறங்கியது.

மீதிப் பயம்தான் ஆபத்து, அது தப்பை ஒளிக்க வைக்கும். கறை பட்ட ஒரு பட்டுச் சேலையை ஒரு பிள்ளை அடுக்குக்கு அடியில் மூன்று வாரம் மறைத்து வைத்தாள். கண்டுபிடித்ததும் ஆறு பேர் சம்பளத்திலும் பிடித்தார்கள். அதற்குப் பிறகு நான் காலையில் அவர் டீ குடித்து முடித்ததும், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போவேன். "முதலாளி, இந்தச் சேலையில கறை இருக்கு. திருப்பி அனுப்பவா, தள்ளுபடியில போடவா?" உத்தரவு போடுவது அவருக்குப் பிடிக்கும். போடட்டும்.

நிஜமாகவே போகச் சொன்னால்? வீட்டில் இருக்காதீர்கள், "அவளாவே நின்னுட்டா" என்று சொல்லிவிடுவார்கள். வழக்கமான நேரத்துக்குப் போய் நில்லுங்கள். உள்ளே விடாவிட்டால் அதையே வாட்ஸ்அப்பில் அவருக்கு எழுதி அனுப்புங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்க முடியாது. ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். விசாரித்து, குற்றத்தை நிரூபித்து நீக்கினால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. நாகர்கோவிலில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள். வங்கியில் சம்பளம் ஏறிய கணக்கும் பி.எஃப். பாஸ்புக்கும் கையில் இருக்கட்டும்.

(உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்தது. எங்களுக்கும் ஸ்டூல் வந்தது. உட்கார்ந்தால் முறைப்பார், அது வேறு.)

நோட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். என்னுடையது டிபன் பையின் அடியிலேயே கிடந்தது. மீன்குழம்பு வாசம் இன்னும் போகவில்லை.