விடுமுறை வாசிப்பைப் பாட்டிலிருந்து தொடங்குங்கள்

ஆகஸ்ட் விடுமுறைக்கு ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தடித்த புத்தகம் வேண்டாம். ஈழத்துக் கவிஞர் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ‘கத்தரி வெருளி’, ‘ஆடிப்பிறப்பு’ பாடல்களில் தொடங்குங்கள். முதலில் அம்மம்மா சத்தமாக வாசிக்கட்டும், பிறகு பிள்ளை. தோட்டத்தில் பறவை விரட்ட நிற்கும் வெருளிப் பொம்மையையும், ஆடிப்பிறப்பன்று அடுப்படியில் கூழையும் கொழுக்கட்டையையும் கண்ட பிள்ளைக்கு அந்தச் சொற்கள் சட்டென்று பிடிபடும்.

அடுத்து யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப்போங்கள். புத்தகத்தைப் பிள்ளையே தெரிவுசெய்யட்டும். படம் நிறைந்ததை எடுத்தாலும் தடுக்காதீர்கள், அதுவும் வாசிப்புத்தான். ஒரு பக்கத்தில் 5 சொல்லுக்கு மேல் தடக்கினால் மட்டும் இலகுவானதாக மாற்றலாம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பயிற்சிப் புத்தகத்தைத் தயவுசெய்து இந்த வாசிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தூரத்தில் இருப்பவர்களுக்கு, ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்துச் சிறுவர் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.