பேஸ் குரலுக்கு அவசரம் ஆகாது: ஓபரா பாடகர்கள் தவிர்க்க வேண்டியவை

மேற்கத்திய இசை நாடகமான ஓபராவைப் படிக்கும் இளம் பேஸ் பாடகர்களுக்கு, அதாவது ஆண் குரல்களில் மிகத் தாழ்ந்த குரல்காரர்களுக்கு, ஒரு பழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்பே, எவ்வளவு கீழே போக முடிகிறது என்று பாடிப் பார்ப்பார்கள். ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த குரல்நாண்கள் அந்நேரத்தில் கொஞ்சம் தடித்துத் தளர்ந்திருக்கும். பகலில் எட்டாத சுரம்கூட அப்போது கிடைத்துவிடும். அந்தச் சந்தோஷத்தில், பாடத் தெரிந்த பாத்திரங்களின் பட்டியலில் ஓஸ்மின் என்று எழுதிவிடுவார்கள். குரல் தேர்வோ மதியம் மூன்று மணிக்கு. அப்போது அந்தச் சுரம் வராது, வெறும் காற்றுதான் வரும்.

ஓஸ்மின், மொசார்ட்டின் 1782-ஆம் ஆண்டு ஓபரா ஒன்றில் துருக்கிப் பாஷாவிடம் வேலை பார்க்கும் காவல்காரன். அவன் பாட்டு கீழ் டி வரை இறங்குகிறது, அதாவது சுமார் 73 ஹெர்ட்ஸ். நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால், ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவர் மந்தர பஞ்சமத்தைத் தாண்டி, மந்தர ரிஷபத்தையே பிடிக்க வேண்டும். கச்சேரியில் சுருதியைப் பாடகர் தன் குரலுக்கு ஏற்ப வைத்துக்கொள்வார். ஓபராவில் அது இசையமைப்பாளர் எழுதி வைத்தது. மைக்கும் கிடையாது.

ஆகவே முதல் தவறு, கடைசிக் கீழ்ச்சுரத்தை வைத்துத் தன் குரலை எடைபோடுவது. வேலைக்கு எடுப்பவர்கள் நடு ஸ்தாயியைத்தான் கவனிக்கிறார்கள். வெர்டியின் 'டான் கார்லோஸ்' ஓபராவில் மன்னர் பிலிப், விடிகிற நேரத்தில் தனியாக உட்கார்ந்து, மனைவி தன்னை ஒருநாளும் நேசித்ததில்லை என்று பாடுவார். செல்லோ வாத்தியம் முன்னால் போகும், குரல் பின்னால் வரும். அங்கே பாதாளத்துக்கு இறங்கிக் காட்ட ஒன்றுமில்லை. மூச்சு அறுபடாமல், உரக்கக் கத்தாமல், ஒரு கிழவரின் வலியைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அதுதான் கஷ்டம்.

இரண்டாவது தவறு இதைவிடக் கெடுதலானது. பேஸ் என்றால் இருட்டாக ஒலிக்க வேண்டும் என்று நினைத்து, நாக்கின் அடியை அழுத்தி, குரல்வளையைக் கீழே தள்ளிப் பாடுவது. பாடுகிறவர் காதுக்கு அது பிரமாதமாக இருக்கும், மண்டைக்குள் குகை மாதிரி அதிரும். அரங்கின் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் போய்ச் சேராது. காரணம் எளிமையானது. வாத்தியக் குழுவின் ஒலிவலிமை அதிகமும் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குவிந்திருக்கிறது, அதற்கு மேலே போகப் போகக் குறைகிறது. நன்றாகப் பயின்ற ஆண் குரலில் 2500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு மினுக்கம் உண்டு. வாத்தியங்களைத் தாண்டி நம் காதுக்கு வந்து சேர்வது அந்த மினுக்கம்தான். தொண்டையை அமுக்கினால் முதலில் செத்துப்போவதும் அதுதான். கனத்த குரலுக்குக் கனத்தைச் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை, வெளிச்சத்தைத்தான் சேர்க்க வேண்டும். நல்ல ஆசிரியர்கள் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போகிறார்கள். பாவம், பையன்கள் கேட்பதில்லை.

அப்புறம் வயது. சோப்ரானோ என்ற உச்சக் குரல் தோழிகள் இருபத்தைந்தில் நாயகியாக மேடையேறும்போது, அதே வகுப்பில் படித்த பேஸ் பாடகருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். கனமான ஆண் குரல் முற்றி நிலைக்கவே முப்பது வயது தாண்டிவிடும். இதைப் பொறுக்காமல் இருபத்தேழு வயதில் வாக்னரின் வோட்டானை ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடவுள் பாத்திரம் சாயங்காலம் முழுக்கப் பாட வேண்டியது. பெரிய வாத்தியக் குழுவுக்கு மேலே, அசல் பேஸ் குரலுக்கு வசதியில்லாத உயரத்தில் நிற்க வேண்டியது. வேல்ஸ் நாட்டுப் பாடகர் பிரின் டெர்ஃபெல் 1989-இல் கார்டிஃப் பாட்டுப் போட்டியில் 'லீடர்' எனப்படும் ஜெர்மன் கவிதைப் பாடல்களுக்கான பரிசு வாங்கினார். லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் வோட்டானாக நின்றது 2004-இல். நடுவில் பதினைந்து வருஷம். அதில் பெரும்பங்கு மொசார்ட்டின் ஃபிகரோ, லெப்பொரெல்லோ பாத்திரங்களோடு போனது. அமெரிக்காவின் மாரிஸ் ராபின்சன் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர், முப்பதை ஒட்டிய வயதில்தான் முறையாகப் பாடவே கற்றுக்கொண்டார். பின்னால் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையிலேயே பாடினார்.

இத்தாலிய பேஸ் பாடகர் சேசாரே சியேபி பதினெட்டு வயதில் அரங்கேறினாரே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், 1941-இல். ஆனால் பாடியது என்ன? வெர்டியின் 'ரிகொலெட்டோ'வில் கூலிக்குக் கொலை செய்யும் ஸ்பாராஃபூச்சிலே. சின்னப் பாத்திரம். தன் பெயரைத் தானே சொல்லி, கீழ் எஃப்பில் நீட்டிக்கொண்டே இருட்டுக்குள் நடந்து போவான். இளம் குரலுக்கு அளவான வேலை.

சின்னப் பாத்திரம் வேண்டாம் என்று முகம் சுளிப்பதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டிய தவறு. பேஸ் குரலுக்கு ஓபராவில் காதலன் வேஷம் அநேகமாகக் கிடையாது. அப்பா, ராஜா, பூசாரி, பேய், வைத்தியர், காவல்காரன், இவைதான். 'ஐடா'வின் மன்னரும் 'லா ட்ராவியாட்டா'வின் டாக்டரும்தான் சோறு போடுவார்கள். ஜெர்மனியில் மாதச் சம்பளத்துக்குப் பாடகர்களை வைத்திருக்கும் ஓபரா அரங்குகள் ஏறக்குறைய 80 இருக்கின்றன. அங்கே வாரத்துக்கு ஒரு பாத்திரம் மாறும். மேடைப் பழக்கம், மொழி, நடிப்பு எல்லாம் அங்கேதான் கைவரும். இதைத் தவிர்த்துவிட்டு, நேராக ஊர் ஊராகப் பறக்கும் விருந்தினர் பாடகராகப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். விருந்தினருக்குப் பெரும்பாலும் பாடின இரவுக்குத்தான் காசு. சளி பிடித்து ரத்து செய்தால் அன்று வருமானம் இல்லை. அதனாலேயே உடம்பு சரியில்லாமல் பாடி, குரல்நாணைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். ஒரு இரவுப் பணத்துக்கு ஆறு மாத மௌனம் விலையாகலாம்.

பெரிய அரங்குகள் இரண்டு மூன்று வருஷம் முன்பாகவே தேதி வாங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. இன்றைய குரலில் எப்போதாவது எட்டுகிற பாத்திரத்துக்கு, 'அதற்குள் வளர்ந்துவிடும்' என்று கையெழுத்துப் போடுவது சூதாட்டம். மொழியும் அப்படித்தான். இத்தாலியனையும் ரஷ்யனையும் ஒலிப்பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்தால், எதிரே நிற்பவர் ஒரு வரியை விட்டுவிட்ட அன்றைக்குத் திகைத்து நிற்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் எழுதும்போது என் மனதில் இருப்பவர் ஜெர்மன் பேஸ் பாடகர் குர்ட் மோல். கொலோன் நகரத்துப் பக்கத்துக்காரர், 1938-இல் பிறந்தவர். இருபது வயதில் கொலோன் ஓபராவில் சேர்ந்தார், பிறகு மைன்ஸ், வுப்பர்டால் என்று சிறிய ஊர்களில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு 1969-இல்தான் ஹாம்பர்க் வந்தார். வோட்டான் பக்கமே போகாமல், ஓஸ்மின், சராஸ்ட்ரோ, குர்னமான்ஸ், பிரபு ஓக்ஸ் போன்ற பாத்திரங்களில், தன் குரல் இருக்கிற இடத்திலேயே வாழ்ந்தார். அவருடைய கீழ்ச்சுரங்களில் அழுத்தமே தெரியாது, வெதுவெதுப்பாகப் பரவும். 2006-இல் மியூனிக்கில் விடைபெற்றபோது அவர் பாடியது வாக்னரின் 'மைஸ்டர்சிங்கர்' ஓபராவின் இரவுக் காவல்காரன். தெருவில் நடந்து வந்து, மணி பத்தாகிவிட்டது என்று ஊருக்குச் சொல்லி, கொம்பை ஊதிவிட்டுப் போகிறவன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, மணி பதினொன்று என்பான்.