மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் மாத இலக்கு

என் வீட்டுக்காரர் பாம்பனில் படகு எஞ்சின் மெக்கானிக். நான் வீட்டிலிருந்தபடியே கருவாடு விற்கிறேன். மகள் யூகேஜி, மகனுக்கு ஒன்றரை வயது. எங்கள் இருவர் தொழிலிலும் ஒன்றாம் தேதி சம்பளம் என்ற பேச்சே கிடையாது.

கல்யாணமான புதிதில் ஒரு ஜனவரி 1 அன்று டைரியில் 'மாதம் 10,000 சேமிப்பு' என்று எழுதி, அடிக்கோடும் போட்டோம். அந்த மாதம் மிஞ்சியது 3,000. ஏப்ரலில் டைரி எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை. ஜூனில் என் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. இத்தனைக்கும் அதற்கு முந்திய மே மாதம்தான் இவர் ராத்திரி பதினொரு மணி வரை கிரீஸ் கையோடு நின்ற மாதம்.

இந்தக் கூத்து ஏன் என்று புரிய இன்னொரு வருடம் பிடித்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மராமத்து, பெயின்ட், எஞ்சின் ஓவர்ஹால் எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்தில்தான் முடிப்பார்கள். அதனால் மெக்கானிக்குக் கை நிறைய வேலை. ஆனால் தொழிலுக்குப் போகாத சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், காசு ஏது? "தடை முடிஞ்சு ரெண்டு பாடு பாத்துட்டுத் தர்றேன் தம்பி" என்பார்கள். பாடு என்றால் ஒரு தடவை கடலுக்குப் போய்ப் பிடித்து வரும் மீன். உதிரி பாகத்துக்கு மட்டும் முன்பணம் வரும், அதுவும் பாதி. வேலை மே மாதம், கூலி ஜூலை மாதம். பள்ளிக் கட்டணமோ ஜூன் மாதம்.

மீனவக் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் என்று 8,000 ரூபாய் வரும். மெக்கானிக் வீட்டுக்கு அது கிடையாது. எங்கள் நிவாரணத்தை நாங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் போன வருடத்தை எழுதுங்கள்

வரும் மாதத்துக்கு இலக்கு எழுதும் முன் போன 12 மாதத்தை எழுதிப் பாருங்கள். எங்களுக்கு அது மூன்று ராத்திரி வேலை. பாங்க் பாஸ்புக், போனில் ஜிபே கணக்கு, பட்டறையில் ஆயில் ஊறிய கடன் நோட்டு என்று எல்லாவற்றையும் பாயில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். செய்த வேலைக்கு எவ்வளவு என்பதை எழுத வேண்டாம். கைக்கு வந்தது எவ்வளவு, உதிரி பாகச் செலவு போக, அதை மட்டும் எழுதுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் இவர் "மே மாசம் அறுபதாயிரம் சம்பாதிச்சேனே" என்று சங்கிலி போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் நோட்டில் ஏப்ரல் 14,000, மே 9,000, ஜூன் 12,000. ஜூலையில் ஒரே தாவலாக 58,000. ஆகஸ்ட் 41,000, செப்டம்பர் 33,000, அக்டோபர் 21,000. நவம்பர் 11,000, டிசம்பர் 13,000. ஜனவரி 22,000, பிப்ரவரி 26,000, மார்ச் 28,000. மொத்தம் 2,88,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 24,000. அந்த 24,000 வந்த மாதம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். சராசரியை வைத்து இலக்கு போடுகிறவன் வருடத்தில் பாதி நாள் தன்னையே திட்டிக்கொண்டிருப்பான்.

ஓரத்தில் 'காரணம்' என்று ஒரு பத்தி விட்டோம். நவம்பருக்கு நேரே 'வாடைக் காற்று, பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி 9 நாள் யாரும் போகவில்லை' என்று இருக்கிறது. ஜனவரிக்கு நேரே 'வேலைநிறுத்தம், ஒரு வாரம்'. தடைக்காலமும் மழையும் வருடா வருடம் வருபவை, அதற்குத் தயாராகலாம். வேலைநிறுத்தம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குத் தனியாகக் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். இந்தப் பத்தி இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வீட்டுக்குச் சம்பளம், பள்ளத்துக்குக் கணக்கு

அடுத்தது, வீடு ஓட மாதம் என்ன வேண்டும்? எங்களுக்கு வாடகை, மளிகை, பால், கேஸ், கரண்ட், மகளிர் குழுத் தவணை எல்லாம் சேர்த்து 19,000. பட்டறைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று பிரித்தோம். பட்டறையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை பட்டறைக் கணக்குக்கு மட்டும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அதிலிருந்து வீட்டுக் கணக்குக்கு 19,000 போகும். ஜூலையிலும் அதே 19,000தான், மே மாதத்திலும் அதேதான். இவர் தனக்குத் தானே முதலாளி, தனக்குத் தானே சம்பளக்காரர். முதல் ஜூலையில் இது பெரிய சண்டையானது. "கைல காசு இருக்கும்போதும் கணக்குப் பாக்கணுமா" என்றார். அதற்கு முந்திய ஜூலையில் அந்தக் காசில் வாங்கிய பெரிய ஸ்பீக்கரைக் காட்டினேன். இப்போது அதன் மேல் துணி மடித்து வைக்கிறோம்.

19,000 கிடைக்காத மாதம் எது எது என்று பாருங்கள். ஏப்ரலில் 5,000 குறை. மே 10,000, ஜூன் 7,000, நவம்பர் 8,000, டிசம்பர் 6,000. கூட்டினால் 36,000. எங்கள் வருடத்துப் பள்ளம் அவ்வளவுதான். 'ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வை' என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது 1,14,000. கேட்டவுடன் பயந்து ஒரு ரூபாய்கூடச் சேர்க்காமல் இருந்தோம். 36,000 என்று தெரிந்ததும் இது நம்மால் ஆகும் என்று தோன்றியது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வீட்டுச் சம்பளம் போக 61,000 மிஞ்சுகிறது. முதலில் அதிலிருந்து 36,000-ஐ எடுத்துத் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போட்டோம். ஏடிஎம் கார்டு வாங்கவில்லை. ஃபாரத்தை எழுதிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டுமென்றால் பாதி ஆசை வழியிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் பள்ளம் வேறு மாதங்களில் இருக்கலாம். ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டும் என் தம்பிக்குத் தை அமாவாசையும் ஆடி அமாவாசையும்தான் மேடு. கணக்குப் போடும் விதம் அதேதான்.

5ஆம் தேதி ராத்திரி

பிள்ளைகள் தூங்கிய பிறகு, மாதத்துக்கு ஒரு தடவை, நாற்பது நிமிடம். போன்கள் சமையலறையில் இருக்கும். முதலில் போன மாதத்து மூன்று வரிகளை வாசித்து, ஆச்சு, ஆகல என்று குறிக்கிறோம். ஆகாததற்குக் காரணம் கேட்கலாம், 'உன்னாலதான்' என்று சொல்லக் கூடாது. அப்புறம் இந்த மாதத்துக்கு மூன்றே வரி: பணத்துக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. முதலில் பதினொன்று எழுதினோம், இரண்டு நடந்தது.

வரியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'இந்த மாதம் 20,000 வசூல்' என்று எழுதினால் அது கடல் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். நம் கையில் இருப்பதை எழுத வேண்டும். போன ஜூலையில் நாங்கள் எழுதியது: 'பாக்கி உள்ள ஆறு சம்மாட்டிகளையும் 20ஆம் தேதிக்குள் நேரில் பார்ப்பது.'

இவருக்குப் பாக்கி கேட்க வாய் வராது. டீக்கடை வரை போவார், ஊர் நியாயமெல்லாம் பேசுவார், திரும்பி வந்து "அண்ணன் ஏதோ யோசனையா இருந்தாரு" என்பார். ஒரு நாள் விடியற்காலை நானே கூடப் போனேன். படகு வந்து மீனை இறக்கி, வியாபாரி எடை போட்டுக்கொண்டிருந்தார். இறால் பாடு பரவாயில்லை. சம்மாட்டி எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை; ஆனால் உடனே டீசல் பாக்கி, ஐஸ் பாக்கி, ஆள் கூலி என்று ஆரம்பித்தார். 14,000 கொடுங்கள் என்று நின்றால் அங்கே நடக்காது. "அண்ணே, மொத்தமா வேணாம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆயிரம் குடுங்க. படகு வர்ற அன்னைக்கு நான் இங்க நிப்பேன்" என்றேன். கொஞ்சம் யோசித்தவர், வியாபாரியைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைக்கு ஆயிரம் பிடிச்சுக் குடுத்துரு" என்றார். செப்டம்பர் நடுவில் கணக்கு தீர்ந்தது. ஆறு பேரில் நாலு பேர் இப்படித்தான் கொடுத்தார்கள். ஒருவர் இன்னும் பாக்கி, அவர் எஞ்சினை இவர் இப்போது தொடுவதில்லை.

அந்த மாத வசூல் எவ்வளவு என்பது எங்கள் இலக்கில் இல்லவே இல்லை. ஆறு பேரைப் பார்த்தோமா என்பதுதான் கேள்வி. பார்த்தோம். ஆச்சு.

மூன்று மாதம் தொடர்ந்து 'ஆகல' என்று விழும் வரியை அடித்துவிடுகிறோம், அல்லது பாதியாக்குகிறோம். இவர் தினமும் காலையில் நடப்பதாக எழுதியது அப்படித்தான் வாரம் இரண்டு நாளாகி, இப்போது ஓடுகிறது.

என் கருவாட்டுக் காசு

இதுவரை சொன்ன கணக்கில் என் வருமானத்தைச் சேர்க்கவில்லை. காரணம் இருக்கிறது. ஏறக்குறைய நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஒரு கிலோ கருவாடு. மழைக்காலத்தில் காயாது, ஈரம் இறங்கினால் பூஞ்சை. ஒரு ஐப்பசியில் அவசரப்பட்டு வாங்கி, பன்னிரண்டு கிலோவைக் குழி தோண்டிப் புதைத்தேன். நல்ல வெயிலும் நல்ல நெத்திலியும் சேர்ந்து கிடைப்பது பிப்ரவரி, மார்ச்சில். அப்போது சரக்கெடுத்து வைத்தால், தடைக்காலத்தில் விசைப்படகு மீன் இல்லாத நாளில் நல்ல விலைக்குப் போகும். அதாவது இவர் கை காயும் மே மாதத்தில்தான் என் கையில் காசு. நோட்டை எழுதிய பிறகுதான் இது இருவர் கண்ணிலும் பட்டது. அதற்கு முன்னால், மார்ச்சில் சரக்கு வாங்க நான் முதல் கேட்டால் "தடை வருது, இப்பப் போய் கருவாட்டுல காசைப் போடணுமா" என்பார். இப்போது மார்ச் மாதத்துப் பண வரி எப்போதும் அதுதான்: சரக்குக்கு 15,000.

விற்று வரும் காசில், போட்ட முதலான 15,000-ஐத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன், அடுத்த மார்ச்சுக்கு. மிச்சம் லாபம். லாபத்தில் மகளின் ஜூன் கட்டணம் போய்விடுகிறது.

எதில் போடுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதா மாதம் ஒரே தொகை கட்டச் சொல்லும் எதிலும் அவசரப்பட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள், நவம்பரில் முழி பிதுங்கும். மகளுக்குச் செல்வமகள் சேமிப்பு போட்டிருக்கிறோம். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது 250, அதிகம் 1,50,000. நடுவில் எப்போது, எவ்வளவு என்பது நம் விருப்பம் என்பதால், ஆகஸ்டில் ஒரே தடவையாகக் கட்டிவிடுகிறோம். காப்பீட்டில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பிரதமரின் ஆயுள் காப்பீட்டுக்கு 436, விபத்துக் காப்பீட்டுக்கு 20, ஒவ்வொன்றிலும் 2 லட்சம். இரண்டு பேருக்கும் சேர்த்து 912 ரூபாய். மே மாதக் கடைசியில் பாங்கே எடுத்துக்கொள்ளும். எங்கள் கணக்கு வறண்டு கிடப்பதும் அதே நேரத்தில்தான். ஒரு வருடம் 912 இல்லாமல் நான்கு பாலிசியும் நின்றுபோனது. கடலுக்குள் போய் எஞ்சின் பார்க்கிற ஆளுக்கு விபத்துக் காப்பீடு இல்லாமல் பல மாதம் ஓடியிருக்கிறது, அதுவும் எங்களுக்குத் தெரியாமலே. இப்போது ஏப்ரல் நோட்டில் முதலில் எழுதுவது அந்த 912-ஐத்தான்.

எங்களுக்கான ஒரு வரி

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், நாங்களும் விட்டோம். வீட்டுக்குள்ளேயே தொழில் இருந்தால் சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் பிஸ்டன், ஸ்லீவ், கூரியர் பேச்சுதான். போன மாதங்களில் நாங்கள் எழுதியவை பெரிய விஷயங்கள் இல்லை. இவர் சொத்தைப் பல்லைப் பிடுங்குவது. நான் அம்மா வீட்டில், பெரியபட்டினத்தில், இரண்டு ராத்திரி தங்குவது. மகளுக்கு இவர் நீச்சல் சொல்லிக் கொடுப்பது, அலை இல்லாத பக்கமாகப் பார்த்து.

இந்த மாதத்துப் பக்கம் இப்படி இருக்கிறது. பணம்: வீட்டுக் கணக்கிலிருந்து சங்கிலியின் வட்டி போக அசலில் 2,000. தொழில்: பழைய வாட்ஸப் வாடிக்கையாளர்கள் 40 பேருக்குச் செய்தி. எங்களுக்கு: ஞாயிறு சாயங்காலம் குந்துகால் கடற்கரையில் ஒரு மணி நேரம், தொழில் பேச்சு கிடையாது.

முதல் ஞாயிறு போனோம். பிள்ளைகள் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். எஞ்சின் வைத்த ஒரு வள்ளம் கரையை ஒட்டிப் போனது. இவர் தலையைத் திருப்பவில்லை, நான் கவனித்தேன். வள்ளம் கண்ணுக்கு மறைகிற வரை பொறுத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நாசில் அடைச்சிருக்கு."