கலந்தாய்வு விருப்பப் பட்டியலை முடிக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இடம்பெறுகின்றன. ஒவ்வொரு கல்லூரியைப் பற்றியும் ஆளுக்கொரு கருத்துச் சொல்லும்போது, விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்தித் தரவேண்டிய விருப்பப் பட்டியலின் முதல் வரியிலேயே பிள்ளைகள் தயங்கி நின்றுவிடுவதில் வியப்பில்லை. அந்தத் தயக்கத்தின் பெரும்பகுதி, ‘இது எனக்குக் கிடைக்குமா?’ என்ற தேவையற்ற கேள்வியிலிருந்தே பிறக்கிறது.

தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்களுக்குரிய இடஒதுக்கீட்டுப் பிரிவில் காலியாக உள்ள முதல் இடத்தை ஒதுக்குகிறது. எட்டாத கல்லூரியை முதலில் எழுதியதால் அடுத்த கல்லூரிக்கான வாய்ப்பு குறைவதில்லை. ஆகவே கிடைக்குமா என்று கணக்குப் போடாமல், உண்மையான விருப்ப வரிசையிலேயே எழுதுங்கள்.

முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் விவரம், அதாவது ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண், பட்டியலை எதுவரை நீட்டுவது என்பதற்குத்தான் உதவும். கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்தவருக்கு, கணிதத்தை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் கூட்டினால், கட்-ஆஃப் மதிப்பெண் 92 + 42 + 44 = 178. அவர் 165 அளவில் முடிந்த கல்லூரிகள் வரையிலும் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பானது.

வரிசைப்படுத்தும் முன், கட்டக்கூடிய கட்டணம், விடுதியா அன்றாடப் பயணமா, அறவே வேண்டாத பாடப்பிரிவுகள் ஆகிய மூன்றையும் வீட்டில் பேசி முடித்து, பொருந்தாதவற்றை அடித்துவிடுங்கள். எஞ்சியவற்றை இரண்டிரண்டாக எடுத்து, ‘இரண்டும் இன்றே கிடைத்தால் எதில் சேர்வேன்?’ என்று மாணவரே பதில் சொல்ல வேண்டும். கல்லூரி முக்கியமா, பாடப்பிரிவு முக்கியமா என்ற விவாதத்துக்குப் பொதுவான விடை கிடையாது. பெயர்பெற்ற கல்லூரியின் சிவில் பிரிவையும் சுமாரான கல்லூரியின் கணினி அறிவியலையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால்தான் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும். வெகுநேரம் யோசித்தும் விடை வரவில்லையென்றால், அந்த இரண்டுக்கும் உங்களைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை என்று கொண்டு, ஏதாவதொன்றை மேலே எழுதிவிட்டுத் தயங்காமல் அடுத்த இணைக்குச் செல்லுங்கள்.

ஆலோசனை கேட்பதானால், அந்தக் கல்லூரியில் இப்போது படிப்பவரிடம் கேளுங்கள். உறவினர்கள் அனைவரிடமும் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். தற்காலிக ஒதுக்கீட்டில் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டே, பட்டியலில் அதற்கு மேலுள்ள இடத்துக்குக் காத்திருக்கவும் வழி இருப்பதால், முதல் ஒதுக்கீட்டோடு எல்லாம் முடிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம்.

கடைசி நாளுக்கு முந்தைய நாளே பட்டியலை முடித்துவிட்டு, ஒவ்வொரு வரியிலும் கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் பாடப்பிரிவையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். ஏறக்குறைய ஒரே பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன.