அடிபம்பின் கைப்பிடியைக் கடைசியில் காட்டுங்கள்: பொதுச் சுகாதார வரலாற்றை முதன்முறை கற்பிப்பவர்களுக்கு

பொதுச் சுகாதாரப் பாடத்தை இளநிலை மாணவர்களுக்கு முதன்முறை எடுக்கும்போது காலரா தண்ணீரால் பரவுகிறது என்று காட்டிய ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஸ்னோவின் கதையில்தான் நான் தொடங்கினேன். 1854 லண்டன், காலரா, பிராட் தெருவின் அடிபம்பு, புள்ளி வைத்த வரைபடம், கழற்றப்பட்ட கைப்பிடி. வகுப்பு கண்கொட்டாமல் கேட்டது. தேர்வுத்தாளைத் திருத்தும்போதுதான் தெரிந்தது: முக்கால்வாசிப் பேர் ‘கைப்பிடியைக் கழற்றினார், காலரா நின்றது’ என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் அப்படி நம்பும்படிதான் நான் சொல்லியிருந்தேன். அதன்பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். மூன்று வகுப்புகளும் ஒரு நாள் வெளிவேலையும் போதும்.

படி 1: பெயர் இல்லாத எண்களைக் கொடுங்கள்

முதல் வகுப்பில் ஸ்னோவின் பெயரையே எடுக்காதீர்கள். கரும்பலகையில் இரண்டு வரி மட்டும் எழுதுங்கள். ‘அ’ நிறுவனத்தின் தண்ணீரைப் பெற்ற வீடுகளில் 1,263 காலரா இறப்புகள். ‘ஆ’ நிறுவனத்தின் வீடுகளில் 98. எது ஆபத்தான தண்ணீர் என்று கேளுங்கள். ‘அ’ என்று உடனே குரல் எழும். நீங்கள் பேசாமல் நில்லுங்கள். புதிய ஆசிரியருக்கு இந்த மௌனம்தான் கடினம். அரை நிமிடம் அரை மணி நேரமாகத் தோன்றும். யாராவது ஒருவர் ‘மொத்தம் எத்தனை வீடுகள்?’ என்று கேட்கும்வரை பொறுங்கள். நோய் யாருக்கு, எவ்வளவு, ஏன் வருகிறது என்று ஆராயும் நோய்ப்பரவலியலின் வாசல் அந்தக் கேள்விதான். மாணவர் வாயிலிருந்து அது வரட்டும்.

இப்போது வீடுகளின் எண்ணிக்கையைக் கொடுங்கள்: ‘அ’ 40,046, ‘ஆ’ 26,107. பத்தாயிரம் வீடுகளுக்கு எத்தனை இறப்பு என்று கணக்கிடச் சொல்லுங்கள். ஏறத்தாழ 315, 38 என்று விடை வரும். எட்டு மடங்குக்கும் மேலான வேறுபாடு.

‘அ வீடுகளில் இருந்தவர்கள் ஏழைகளாக இருந்திருக்கலாமே?’ என்று ஒரு மாணவராவது கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். பிறகு திரையை விலக்குங்கள். ‘அ’ என்பது சவுத்வார்க்-வாக்ஸால் நிறுவனம். நகரக் கழிவு கலந்த தேம்ஸ் நீரை பாட்டர்சீயில் எடுத்தது. ‘ஆ’ என்பது லாம்பெத் நிறுவனம். 1852-இல் நீர் எடுக்கும் இடத்தை ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. பெரும்பகுதியில் இரண்டின் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடின. ஏழை வீடு, பணக்கார வீடு என்ற பாகுபாடு இல்லை. எந்த நிறுவனத்தின் தண்ணீர் என்றே பல குடும்பங்களுக்குத் தெரியாததால், ஸ்னோ நீரிலிருந்த உப்பின் அளவைச் சோதித்துப் பிரித்தறிந்தார்.

இன்னொரு வரி மிச்சம் இருக்கிறது. லண்டனின் மற்ற பகுதிகள்: 256,423 வீடுகள், 1,422 இறப்புகள். மாணவர்கள் 55 என்பார்கள். ஸ்னோ அச்சிட்டது 59. மேதையின் கணக்குப் பிழையைத் தாங்களே பிடித்துவிட்ட மகிழ்ச்சி அவர்களை அடுத்த வகுப்புக்கு இழுத்துவரும். அச்சில் வந்த எண்ணையும் ஒருமுறை வகுத்துப் பார்க்க வேண்டும் என்ற பழக்கமும் ஒட்டிக்கொள்ளும்.

படி 2: வரைபடத்துக்கு முன் விதிவிலக்குகள்

பிராட் தெருவுக்கு இப்போது வாருங்கள். வரைபடத்தைக் காட்டாமல் மூன்று புதிர்களைக் கொடுங்கள். பம்புக்கு அருகிலிருந்த ஏழைகள் இல்லத்தில் 535 பேரில் ஐவர் மட்டுமே இறந்தார்கள். அதே தெருவின் பீர் ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். காலராவால் ஒருவரும் இறக்கவில்லை. தொலைவிலுள்ள ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவை இறந்தார். அன்று பலர் நம்பியதுபோல் கெட்ட காற்றுதான் காரணம் என்றால் இது எப்படி?

விடைகளை மாணவர்கள் ஊகித்த பிறகு சொல்லுங்கள்: இல்லத்துக்குச் சொந்தக் கிணறு இருந்தது, ஆலைத் தொழிலாளர்கள் பம்பு நீருக்குப் பதில் பீர் குடித்தார்கள், விதவையோ அந்தப் பம்பு நீரின் சுவை பிடித்து, வண்டியில் வரவழைத்துக் குடித்தவர். வரைபடம் இதற்குப் பின்தான். தண்ணீர்மீது ஸ்னோவின் சந்தேகம் 1849-லேயே அச்சில் வந்துவிட்டது; வரைபடம் பிறரை நம்பவைக்க அவர் வரைந்தது.

படி 3: தோற்றவர்களை ஜெயிக்க விடுங்கள்

வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை, நாற்றமடிக்கும் கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்ற நச்சுக்காற்றுக் கொள்கைக்காக வாதாட வையுங்கள். ஒரே விதி: 1854-க்குப் பிந்தைய அறிவுக்கு இடமில்லை. காலரா கிருமியைப் பற்றி யாராவது வாய் திறந்தால் நிறுத்துங்கள். ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அதைப் பிரித்தெடுக்க இன்னும் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன.

நச்சுக்காற்று அணிக்கு ஓர் ஆயுதம் கொடுங்கள். தாழ்வான பகுதிகளில் காலரா இறப்பு அதிகம், மேடேற ஏறக் குறைகிறது என்று அக்காலப் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் எண்களோடு காட்டியிருந்தார். என் வகுப்புகளில் பெரும்பாலும் இந்த அணிதான் வெல்கிறது. வென்றவர்களின் முகத்தில் ஒரு குழப்பம் தெரியும், அதை உடனே தீர்த்துவைக்காதீர்கள். 1858-இல் தேம்ஸின் நாற்றம் தாங்காமல் லண்டனுக்குப் பெரும் கழிவுநீர்க் கால்வாய்கள் கட்ட முடிவானதையும், தவறான கொள்கை நல்ல வேலையைச் செய்யவைத்ததையும் அப்போது சொல்லலாம். ஃபாரே 1866 காலராவின்போது தண்ணீரைக் காரணமாக ஏற்றார்.

படி 4: இப்போது கைப்பிடி

தேதிகளை வரிசையாக எழுதுங்கள். ஆகஸ்ட் 31 இரவு தொற்று வெடித்தது. செப்டம்பர் 7 அன்று ஸ்னோ வட்டார நிர்வாகக் குழுவிடம் பேசினார். 8 அன்று கைப்பிடி கழற்றப்பட்டது. மக்கள் ஊரைக் காலி செய்ததால் அதற்கு முன்பே இறப்புகள் சரிந்துகொண்டிருந்தன. ஸ்னோவே அதை ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் கழற்றியது வீணா? ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியாரிடம் போங்கள். ஸ்னோவின் கூற்றை மறுக்க வீடு வீடாக விசாரித்தவர், இறுதியில் அதற்கே சான்று தேடிக் கொடுத்தார். 40-ஆம் எண் வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய நீர், பம்புக் கிணற்றருகே இருந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டிருந்தது. கைப்பிடி போன அதே நாளில் அக்குழந்தையின் தந்தைக்கும் காலரா கண்டது. அவரது கழிவும் அதே குழிக்குத்தான் போனது; பம்பு ஓடியிருந்தால் இரண்டாம் அலை வந்திருக்கக்கூடும். தடுத்த நோய் கண்ணுக்குத் தெரியாது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

படி 5: கறையையும் காட்டுங்கள்

அறநெறிக்கென்று ஒரு வாரத்தை ஒதுக்கிவைக்காமல் இதே ஓட்டத்தில் சேருங்கள். அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை அரசுப் பொதுச் சுகாதாரத் துறையே சிபிலிஸ் என்ற பால்வினை நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டிருந்தது. அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும்கூட. விவரத்தைச் சொல்லிவிட்டு, ஸ்னோவும் மனிதர்களின் நோயைத்தானே எண்ணினார், வேறுபாடு என்ன என்று எழுதச் சொல்லுங்கள்.

படி 6: வெளியே அனுப்புங்கள்

நான்கு நான்கு பேராக வளாகத்தின் குடிநீர் இடங்களை எண்ணி, வரைந்து, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கட்டும். எத்தனை பேர் என்ற வகுக்கும் எண் இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவருக்கு ஒரே பக்கத்தில் கடிதம்: என்ன கண்டோம், எது உறுதியில்லை, நாளைக் காலை என்ன செய்ய வேண்டும். மூன்றாவதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, ‘எந்தக் கைப்பிடியை?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.