பழைய நிறுவனத்துக்கே ஃப்ரீலான்ஸ் வேலை: எல்லை வகுப்பதில் நேரும் தவறுகள்

வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்குகிறவர்களில் பலருக்கு முதல் வாடிக்கையாளராக அமைவது, அவர்கள் விலகி வந்த அதே நிறுவனம்தான். வேலை முறை தெரியும், ஆட்களைத் தெரியும், பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கும். இந்த ஏற்பாட்டில் பின்னால் எழும் மனக்கசப்புக்குப் பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணமும் காரணமல்ல, பழக்கம்தான் காரணம். நேற்றுவரை கூப்பிட்டதும் வந்து நின்றவரை மேலாளர் இன்றும் கூப்பிடுகிறார், இவரும் போய் நிற்கிறார்.

முதல் தவறு, பழைய கணக்கு தீரும் முன்பே புதிய வேலையைத் தொடங்குவது. கடைசி மாதச் சம்பளம், ஐந்தாண்டுப் பணி நிறைந்திருந்தால் கிராஜுவிட்டி, ரிலீவிங் லெட்டர் ஆகியவை கைக்கு வராத நிலையில் ஃப்ரீலான்ஸ் வேலையை ஏற்றுக்கொண்டால், சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியவையே பேரத்தின் பகுதியாகிவிடும். 'இந்த ப்ராஜெக்ட்டை முடித்துக் கொடுங்கள், எல்லாவற்றையும் சேர்த்து செட்டில் செய்துவிடலாம்' என்று சொல்லப்பட்டால், அதைச் சிரித்த முகத்துடன் மறுப்பதே நல்லது.

அடுத்தது கட்டணம். மாதச் சம்பளம் 66,000 ரூபாய், வேலை நாட்கள் 22, ஆகவே ஒரு நாளுக்கு 3,000 என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏராளம். அந்தச் சம்பளத்துக்குப் பின்னால் நிறுவனம் செலுத்திய பிஎஃப் பங்கு, மருத்துவக் காப்பீடு, சம்பளத்துடன் கூடிய விடுப்பு, மடிக்கணினி, மின்சாரம் எல்லாம் இருந்தன என்பது இந்தக் கணக்கில் வருவதில்லை. ஃப்ரீலான்சருக்கு மாதத்தின் 22 நாளும் காசு தருகிற நாளாக அமைவதுமில்லை. வாடிக்கையாளர் தேடுவதற்கும், பில் போடுவதற்கும், நிலுவையைக் கேட்டு அலைவதற்குமே பல நாட்கள் போய்விடும். முன்னாள் நிறுவனத்துக்கு உங்கள் பழைய சம்பளம் தெரியும் என்பதால் பேரம் அதிலிருந்துதான் தொடங்கும். ஆகவே நாள் கணக்கில் பேசாமல், வேலைக்கு இவ்வளவு என்று பேசுவது உங்களுக்குச் சாதகம்.

எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் விளைவிப்பது 'ஒரு சின்ன டவுட்'. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வாட்ஸப்பில் வரும்: 'பழைய ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? ஒரு நிமிஷம் பேசலாமா?' அந்த ஒரு நிமிடம் நாற்பது நிமிடமாகும். அடுத்த வாரம் உங்கள் இடத்துக்கு வந்த புதியவரும் நேரடியாக உங்களையே அழைக்கத் தொடங்குவார். நோட்டீஸ் காலத்தில் ஒப்படைத்த வேலைகள் குறித்து முதல் இரண்டு வாரம் விளக்கம் சொல்வது மரியாதை. அதற்குப் பிறகும் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், அதைச் சேவை என்று யாரும் எண்ணமாட்டார்கள். பதில் கடுமையாக இருக்க வேண்டிய தேவையில்லை: 'சார், இதைப் பார்க்க இரண்டு மணி நேரமாகும். திங்கட்கிழமை காலை செய்து தருகிறேன். இந்த மாத பில்லில் சேர்த்துக்கொள்ளலாமா? ஒரு மெயில் மட்டும் போட்டுவிடுங்கள்.' பாதிக் கேள்விகள் இந்த மெயிலைக் கேட்டதுமே தாமாக அடங்கிவிடும். அலுவலக வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறத் தயங்குவதும் இதே வகைதான். குழுவில் இருக்கும்வரை நீங்களும் ஊழியர்தான்.

பழைய பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்துவது ஆபத்தானது. அவசரத்துக்கு உதவும் நல்லெண்ணத்தில் உள்ளே நுழைந்தாலும், உரியவரின் அனுமதியில்லாமல் கணினி அமைப்பை அணுகுவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் பிரச்சினையாகக்கூடும். பழைய அணுகல்கள் அனைத்தையும் நீக்கச் சொல்லி நீங்களே எழுதுங்கள். புதிய வேலைக்குத் தேவையானதை மட்டும் புதிதாகக் கேட்டுப் பெறுங்கள்.

படைப்புரிமையைப் பற்றிப் பேசாமல் விடுவதும் பரவலான தவறு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் பணியின் பகுதியாக உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், நிறுவனமே உரிமையாளர். ஃப்ரீலான்சராக எழுதும் நிரலும் கட்டுரையும் பொதுவாக அப்படி இல்லை. எழுத்து மூலம் மாற்றித் தரும்வரை உரிமை உங்களிடமே இருக்கும். முழுத் தொகையும் வந்த பிறகே உரிமை மாறும் என்று ஒரு வரி எழுதி வைத்தால், நிலுவையைக் கேட்கும்போது உங்கள் கையில் ஒரு பிடி இருக்கும்.

'எங்கள் போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது' என்ற பழைய நிபந்தனைக்கு அஞ்சி மற்ற வாய்ப்புகளைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆவது பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. வேலையை விட்ட பிறகும் நீளும் இத்தகைய தடைகளை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அதே சமயம், ரகசியம் காக்கும் கடமை வேலையோடு முடிந்துவிடுவதில்லை. வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியேறுவதற்கு இந்தப் பிரிவு துணை வராது.

கடைசியாக, பணம். பழகியவர்கள்தானே என்று காலக்கெடு எழுதாமல் விட்டால், 'அக்கவுண்ட்ஸில் கேட்டுச் சொல்கிறேன்' என்ற பதிலோடு மாதங்கள் ஓடும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு அரசு தரும் கட்டணமில்லாத உத்யம் பதிவை வேலை தொடங்கும் முன்பே முடித்து, அந்த எண்ணை ஒவ்வொரு இன்வாய்ஸிலும் குறிப்பிடுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006, குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது; எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இத்தகைய நிலுவைக்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கும் முன், இந்த விதியை மேற்கோள் காட்டிக் கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நகலைப் பழைய மேலாளருக்கும் வையுங்கள்.