பனியன் கம்பெனி நெட்வொர்க்கை என்மேப் கொண்டு ஸ்கேன் செய்வது எப்படி?

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனியின் நெட்வொர்க்கில் என்னவெல்லாம் இருக்கும்? டாலி ஓடும் சர்வர், மெர்ச்சண்டைசர்களின் கணினிகள், செக்கிங் பக்கம் கேமரா, கேட்டில் கைரேகை அட்டெண்டன்ஸ் மெஷின், பேக்கிங்கில் பார்கோடு பிரிண்டர். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஆள் வந்து மாட்டிவிட்டுப் போயிருப்பார். எந்த ஐபி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண் முகவரி) எதனுடையது என்ற குறிப்பு எவரிடமும் இருக்காது. "ஏனுங்க தம்பி, பஞ்ச் மெஷின் சாஃப்ட்வேர்ல தெரியலைங்கறாங்க" என்று முதலாளி கூப்பிட்ட பிறகு தேடத் தொடங்கினால் அரை நாள் போய்விடும். முன்கூட்டியே நெட்வொர்க்கையே கேட்டு ஒரு பட்டியல் எழுதிக்கொள்வதுதான் ஸ்கேனிங்கின் முதல் பயன். பாதுகாப்பு வேலையும் அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கான கருவி என்மேப், நெட்வொர்க்கில் யார் இருக்கிறார்கள், என்ன திறந்திருக்கிறது என்று கேட்டுச் சொல்லும் மென்பொருள். கார்டன் லயன் 1997இல் வெளியிட்டது, இலவசம். மொபைல் ஆப்கள் ஐபி பட்டியல் மட்டும் பார்க்கப் போதும். அதற்கு மேல் அவற்றை நம்ப மாட்டேன். ஜென்மேப் என்ற பட்டன் வைத்த வடிவமும் உண்டு. ஆனால் கட்டளையைக் கையால் தட்டிப் பழகுவதே நல்லது, அப்போதுதான் என்ன கேட்கிறோம் என்பது மனதில் பதியும்.

சொந்த நெட்வொர்க், அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்த நெட்வொர்க். வேறு எதையும் தொடாதீர்கள். அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 பிரிவுகளில் வரும். மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். பக்கத்து கம்பெனி வைஃபை திறந்து கிடந்தாலும் அது உங்களுடையது அல்ல.

கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டுவது ஆங்கில எழுத்தில். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுவேன்.

யார் யார் இருக்கிறார்கள்

உங்கள் கணினியின் ஐபி 192.168.1.35, சப்நெட் மாஸ்க் (நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் எண்) 255.255.255.0 என்றால் ஸ்கேன் செய்ய வேண்டியது 192.168.1.0/24, அதாவது 256 முகவரிகள். கட்டளை:

சூடோ என்மேப் -எஸ்என் 192.168.1.0/24

இங்கே கொஞ்சம் நின்று போவோம். புதிதாக வருபவர்கள் சூடோவை (லினக்ஸில் அட்மின் உரிமையோடு ஓட்டச் சொல்லும் சொல்) விட்டுவிட்டு, பாதிக் கணினிகளைக் காணோம் என்று குழம்புவது இந்த இடத்தில்தான். சூடோ இருந்தால், ஒரே லோக்கல் நெட்வொர்க்கில் என்மேப் ஏஆர்பி மூலம் கேட்கும். "இந்த ஐபி யாருடையது?" என்ற அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு கருவி அந்த நெட்வொர்க்கில் பேசவே முடியாது. அதனால் ஃபயர்வால் பிங்கை ('இருக்கிறாயா?' என்று கேட்கும் சோதனைச் செய்தி) மறுத்தாலும் அது பட்டியலில் வந்துவிடும். கூடவே மேக் முகவரியும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்), அதைவைத்துத் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் கிடைக்கும். சூடோ இல்லையென்றால் 80, 443 போர்ட்களில் (போர்ட் என்பது ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) சாதாரண இணைப்பு கேட்டுப் பார்ப்பதோடு சரி. விண்டோஸ் ஃபயர்வால் அதை ஓசையில்லாமல் விழுங்கிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் கணினியும் இல்லாததாகக் கணக்காகும்.

விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வைத்து ஓட்டினாலும் இதே குறைதான். வழக்கமான அமைப்பில் அது நேட் என்ற, முகவரியை மாற்றி அனுப்பும் அமைப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் ஏஆர்பி வெளியே போகாது. விண்டோஸிலேயே என்மேப்பை என்பிகேப்போடு (நெட்வொர்க் பாக்கெட்டுகளை நேரடியாகக் கையாள உதவும் டிரைவர்) நிறுவி, அட்மினாகத் திறந்து ஓட்டுங்கள். கேமராக்கள் 192.168.10 என்று தனி வரிசையில் இருந்தாலும் ஏஆர்பி ரௌட்டரைத் தாண்டாது. அந்தப் பக்க ஸ்விட்சில் கேபிள் போட்டுத்தான் கேட்க வேண்டும். எங்கே நின்று, எந்த உரிமையோடு கேட்கிறோமோ, அதற்குத் தகுந்த பதில்தான் வரும்.

என்ன திறந்திருக்கிறது

சூடோ என்மேப் 192.168.1.40

இது அதிகம் பயன்படும் 1000 டிசிபி போர்ட்களை மட்டும் பார்க்கும். மொத்தம் இருப்பதோ 65,535. அட்டெண்டன்ஸ் மெஷின்கள் பல பயன்படுத்தும் 4370 அந்த ஆயிரத்தில் இல்லை. அதனால் மெஷின் நன்றாக இருந்தும் "எல்லாம் மூடியிருக்கிறது" என்று தோன்றும். -பி 4370 என்று தனியாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் பார்க்க -பி- போடலாம், ஆனால் ஷிஃப்ட் முடிந்த பிறகு. பழைய சிறு கருவிகள் சில ஸ்கேனைத் தாங்காமல் உறைந்துவிடும். சம்பளக் கணக்கு ஓடும் நேரத்தில் அது வேண்டாம்.

'ஓப்பன்' என்றால் அங்கே ஒரு புரோகிராம் காத்திருக்கிறது. 'குளோஸ்டு' என்றால் கருவி பதில் சொன்னது, ஆனால் அந்தப் போர்ட்டில் எதுவும் ஓடவில்லை. 'ஃபில்டர்டு' என்றால் திறந்ததா மூடியதா என்று முடிவு செய்ய முடியாமல் நடுவில் ஏதோ தடுக்கிறது. இதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கெஸ்ட் வைஃபையிலிருந்து ஃபில்டர்டு என வந்த அதே 445 (விண்டோஸ் கோப்புப் பகிர்வு போர்ட்), அலுவலக ஸ்விட்சிலிருந்து ஓப்பன் என வரலாம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னக்ரை பரவியது அந்த 445 வழியாகத்தான். அதைச் சரிசெய்யும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாத கணினிகள் மாட்டின. 445, 3389 (ரிமோட் டெஸ்க்டாப்), 23 (தொலைவிலிருந்து உள்நுழையும் பழைய டெல்நெட்) மூன்றும் எங்கெங்கே திறந்திருக்கின்றன என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 23 திறந்திருந்தால் அன்றே மூடப் பாருங்கள், டெல்நெட்டில் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாகப் போகும்.

எந்தப் புரோகிராம், எந்தப் பதிப்பு என்று அறிய -எஸ்வி. இதில் வி பெரிய எழுத்து. பிரிண்டரின் 9100 போர்ட்டை இந்தச் சோதனை தானாகவே விட்டுவிடும். அங்கே எதை அனுப்பினாலும் பிரிண்டர் தாளில் அடித்துத் தள்ளிவிடும் என்பதுதான் காரணம்.

சேமித்து வையுங்கள்

-ஓஏ சேர்த்து (ஏ பெரிய எழுத்து) கோப்புக்குத் தேதியைப் பெயராக வையுங்கள். அடுத்த மாதம் மறுபடி ஓட்டி, என்மேப்போடு வரும் என்டிஃப் கருவியில் இரண்டு முறையும் உருவான எக்ஸ்எம்எல் கோப்புகளைக் கொடுத்தால் புதிதாக வந்தது, காணாமல் போனது, புதிதாகத் திறந்தது எல்லாம் தெரியும். நான் இதில்தான் அதிக நேரம் செலவிடுகிறேன். ஒரு ஸ்கேன் சொல்வதைவிட இரண்டு ஸ்கேனின் வித்தியாசம் நிறையச் சொல்லும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்ட இரண்டு சிக்கல்கள். கட்டளையை வலைப்பக்கத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினால் சிறு கோடு நீண்ட கோடாக மாறியிருக்கும். என்மேப் அதை ஒரு கணினியின் பெயராக எடுத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லும். கோட்டை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள். அப்புறம், தயாரிப்பு நிறுவனம் தெரியாத மேக் முகவரி வந்தால் உடனே திருடன் என்று பயப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி போன்கள் வைஃபையில் தற்காலிக மேக் காட்டுகின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அநேகமாக யாரோ ஒருவரின் போன்தான்.